கதிர்காமத்துக்கு நடந்து போவோர் கவனத்துக்கு

வைகாசிப் பொங்கல்கள் முடிந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் ஊர்களில் ஒரு கேள்வி எழும்: "இந்த முறை கதிர்காமத்துக்கு ஆர் ஆர் நடக்கிறியள்?" காலபோக நெல் எப்போதோ வெட்டி முடிந்துவிட்டது. குளத்து நீர் பாயும் இடங்களில் சிறுபோகம் பச்சையாக நிற்கிறது. வானம் பார்த்த நிலக்காரருக்குக் கையில் வேலை குறைவு. சொந்தக் காணியை விட்டு வந்து, பிறர் காணியில் கொட்டில் போட்டுக் கூலிக்குப் போகிறவர்களுக்கு அது இன்னும் குறைவு. இந்த இடைவெளியில்தான் எம்மவர்கள் காலங்காலமாக யாத்திரைக்குப் புறப்பட்டு வந்திருக்கிறார்கள்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்தக் கேள்வியில் இன்னொரு பாரமும் உண்டு. ஷெல் விழுந்த இரவில் வைத்த நேர்த்தி, பிள்ளை உயிரோடு திரும்பினால் நடப்பேன் என்று சொன்ன நேர்த்தி, இன்னும் திரும்பாத பிள்ளைக்காக ஆண்டுதோறும் புதுப்பிக்கிற நேர்த்தி என்று பல இருக்கின்றன. நேர்த்தி வைத்தபோது நாற்பது வயதாக இருந்தவருக்கு இப்போது அறுபதுக்கு மேல். "கடனை முடிக்க வேணும், ஆனால் என்னாலை ஏலுமோ?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். எங்களில் சிலர் மண்டூரிலிருந்தும், சிலர் உகந்தையிலிருந்தும் நடந்தவர்கள். வழியோரத்தில் இருந்து யாத்திரிகர்களின் கால் கழுவி மருந்து கட்டியவர்களும் எங்களுள் இருக்கிறார்கள். எனவே இதில் கூடுதலாகக் கால்களைப் பற்றியே பேசுவோம்.

பழைய ஆட்களின் கணக்கு

தொண்டைமானாறு செல்வச் சந்நிதியில் தொடங்கி, வன்னிக் கரைப்பக்கமாக இறங்கி, திருகோணமலை, வெருகல், சித்தாண்டி, மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை என்று போய், குமுக்கன் ஆற்றைக் கடந்து காட்டு வழியே கதிர்காமம் சேர்வது இந்த யாத்திரையின் நீண்ட பாதை. 1983ஆம் ஆண்டு வன்செயல்களோடு வடக்கிலிருந்து நடந்து போகும் வழக்கம் அறுந்தது. 1988இல் கிழக்கில் ஒரு சிலர் சேர்ந்து பாத யாத்திரையை மீண்டும் தொடக்கினார்கள். 2009இல் போர் முடிந்த பின்னர் சந்நிதியிலிருந்தும் அணிகள் புறப்படுகின்றன. முழுப் பாதையையும் நடப்பவர் சிலரே. தங்கள் ஊருக்குக் கிட்டிய கோயிலில் வந்து சேர்ந்துகொள்வோரும், உகந்தை வரை பஸ்ஸில் வந்து காட்டுப் பாதையை மாத்திரம் நடப்போருமே அதிகம்.

முழுப் பாதை ஐந்நூறு கிலோ மீற்றருக்கு மேல். கேட்டவுடன் மலைப்பாக இருக்கும். ஆனால் சந்நிதியிலிருந்து புறப்படும் அணி ஏறத்தாழ ஒன்றரை மாதம் நடக்கிறது. வகுத்துப் பாருங்கள். ஒரு நாளுக்குப் பதினொரு, பன்னிரண்டு கிலோ மீற்றர்தான் வருகிறது. முன்பு தோட்டத்துக்கு விடியப் போய், மத்தியானம் வந்து, பின்னேரம் தண்ணீர் இறைக்க மறுபடி போய் வந்த ஆளுக்கு இது புதுத் தூரம் அல்ல. பழைய சுவாமிமார் நாளுக்கு முப்பது கிலோ மீற்றர் ஓடி ஓடி நடந்து கதிர்காமம் சேரவில்லை. காலையில் சிறிது நடந்தார்கள், மரத்தடியில் கிடந்தார்கள், கோயில்களில் இரண்டு மூன்று நாள் தங்கினார்கள். வயதானவர்களும் சேர்ந்து போகக்கூடிய வழியாக இது இத்தனை காலம் இருந்ததற்கு அந்த ஆறுதலான நடைதான் காரணம்.

இப்போது சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம்மவர்க்கு நடை தெரியாததல்ல. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் மழையில் நாவற்குழிப் பக்கமாக நடந்தது. 2009இல் வன்னிச் சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு முள்ளிவாய்க்கால் வரை நடந்தது. அந்த நடைகளில் உடம்பு சிலவற்றைப் பழகிக்கொண்டுவிட்டது. நில்லாதே, இராதே, முன்னாலே போ, எல்லாவற்றையும் தூக்கு, தண்ணீரைப் பிள்ளைக்கு மிச்சம் வை. அன்று உயிரைக் காத்தவை இவை. யாத்திரையில் ஆட்களை விழுத்துகிறவையும் இவையேதான் என்பதைப் பலமுறை கண்டோம்.

ஒருமுறை எங்களோடு வந்த ஒரு குடும்பத் தலைவர் எந்த நாளும் முதலாவது ஆளாகத் தங்குமிடம் போய்ச் சேர்ந்தார். பிந்திப் போனால் இடம் கிடைக்காது என்பது அவருடைய நினைப்பு. முகாமில் வரிசையில் நின்று நின்று வந்த பழக்கம் அது. நான்காம் நாள் முழங்கால் வீங்கிவிட்டது. அணியில் முன்னாள் வண்டில்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். வீங்கிய காலைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "தம்பி, நெடுந்தூரம் போற மாட்டை முதல் கட்டையிலை ஓடவிடக் கூடாது. கடைசிக் கட்டையிலைதான் மாட்டின்ரை பெலம் வேணும்." அந்தத் தம்பி மிச்சப் பயணத்தைப் பஸ்ஸில்தான் போனார்.

நடையின் அளவு

ஆறுதலான நடை என்றால் எவ்வளவு? சமதரையில் மணிக்கு நான்கு கிலோ மீற்றர் ஒரு சாதாரண ஆளின் நடை. பிள்ளைகளும் வயதானவர்களும் இருந்தால் மூன்று. மணிக்கூடு வேண்டாம், மூச்சைக் கவனித்தால் போதும். பக்கத்தில் வருகிறவரோடு கதைத்துக்கொண்டு நடக்க முடிந்தால் அது சரியான வேகம். அரோகரா சொல்லும்போது பாதியில் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது. ஒரு மணித்தியாலம் நடந்தால் பத்து நிமிடம் இருக்க வேண்டும். களைக்காவிட்டாலும் இருக்க வேண்டும், களைத்த பிறகு இருந்தால் எழும்பக் கஷ்டம். இருக்கும்போது செருப்பைக் கழற்றி, காலைப் பொட்டலத்தின் மேல் உயர்த்தி வைத்தால் வீக்கம் குறையும்.

முதல் மூன்று நாளும் குறைவாக நடவுங்கள். எட்டு, பத்து கிலோ மீற்றர் போதும். உற்சாகம் மிகுந்த அந்த நாட்களில்தான் ஆட்கள் காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆறேழு நாளுக்கு ஒரு நாள் முழு ஓய்வு எடுங்கள். அன்று உடுப்புத் தோய்க்கலாம், கொப்புளங்கள் ஆறும்.

விடியப்புறம் நான்கரைக்குப் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் நிறுத்திவிடுவது நல்லது. கிழக்கில் கச்சான் காற்று உலர்ந்த காற்று. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் உடம்பிலிருந்து போகிறது என்றே தெரியாது. பத்து மணியிலிருந்து மூன்றரை வரை மர நிழலிலோ மடத்திலோ கிடவுங்கள். பெலமுள்ளவர்கள் நான்கு மணி முதல் ஆறு மணி வரை இன்னும் கொஞ்சத் தூரம் போகலாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் காலை நடை மாத்திரமே போதும். யானை நடமாட்டமுள்ள இடங்களில் இந்த நேரக் கணக்கு பொருந்தாது. அங்கே நன்றாக வெளித்த பிறகே காலை எடுத்து வைக்க வேண்டும்.

அணியில் யார் முன்னே நடப்பது என்பதும் முக்கியம். வேல் தாங்கி முன்னே போகிறவர் இளந்தாரியாக இருந்தால், பின்னால் வருகிற ஆச்சிமார் ஓட வேண்டி வரும். வேலுக்கு அடுத்ததாக மிக மெதுவாக நடக்கிற ஆளை விடுங்கள். அவருடைய நடையே அணியின் நடை. கடைசியில் பெலமான ஒருவர், ரோர்ச் லைற்றும் தண்ணீர்ப் போத்தலும் வைத்துக்கொண்டு வரட்டும். அவருக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. வழியில் ஒதுங்குகிறவர்கள் அவரிடம் சொல்லிவிட்டே ஒதுங்க வேண்டும்.

தார் றோட்டில், இருட்டில் நடக்கும்போது யானையைவிட வாகனத்துக்குத்தான் பயப்பட வேண்டும். எதிரே வருகிற வாகனம் கண்ணுக்குத் தெரியும்படி வலப்பக்க ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடவுங்கள். காவி உடுப்பு இருட்டில் தெரியாது. தோளில் வெள்ளைத் துவாய் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். முன்னாலும் பின்னாலும் வெளிச்சம் இருக்கட்டும். வடக்கில் கண்ணிவெடி அபாயப் பலகை நிற்கிற இடங்கள் இன்னும் உண்டு. அங்கே சலம் கழிக்கவும் றோட்டை விட்டு இறங்கக் கூடாது.

பாதங்கள்

"நாங்கள் நாள் முழுக்க வயலிலை நிக்கிற ஆட்கள், எங்களுக்கு என்ன பழக்கம் வேணும்?" என்று கேட்பார்கள். வயல் மண் மெதுமையானது. தார் றோட்டு அப்படியில்லை. அதோடு, முகாமிலும் தற்காலிக வீட்டிலும் பல வருடம் இருந்தவர்களுடைய கால் பழைய கால் அல்ல. இதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. புறப்படுவதற்கு ஒரு மாதம் முந்தியே கிழமைக்கு நான்கு நாள் நடக்கத் தொடங்குங்கள். முதலில் மூன்று கிலோ மீற்றர், பிறகு கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டி, கடைசிக் கிழமையில் கொண்டுபோகும் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு கிலோ மீற்றர், இரண்டு நாள் அடுத்தடுத்து நடந்து பாருங்கள். இரண்டாம் நாள் காலையில் எழும்பி நடக்க முடிந்தால் புறப்படலாம்.

வெறுங்காலோடு நடப்பது நேர்த்தி என்றால் அதை நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் வெறுங்கால்காரர் எட்டரை மணிக்கு மேல் தாரில் நிற்கக் கூடாது. ஓரப் புல்லிலோ மணலிலோ இறங்கிவிட வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்கள் மாத்திரம் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. அவர்களுடைய பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். முள் ஏறியதும் சூடு பட்டதும் தெரியாது. சிறு புண் ஒன்றால் விரலையும் காலையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். நேர்த்தி வைத்த கோயிலில் ஐயரிடம் சொல்லிவிட்டுச் செருப்போடு நடவுங்கள்.

புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு புறப்படாதீர்கள். ஒரு மாதம் போட்டுப் பழகிய, பின்வார் உள்ள றப்பர் செருப்பு நல்லது. விரலிடுக்கு வார் மாத்திரம் உள்ள செருப்பு மணலில் இழுபட்டு, விரல்களால் அதைப் பிடித்துப் பிடித்து நடந்து கெண்டைக்கால் நோகும். சப்பாத்துப் போடுகிறவர்கள் பருத்திக் காலுறை இரண்டு சோடி கொண்டுபோங்கள். ஒன்று காயட்டும், ஒன்று காலில் இருக்கட்டும்.

கொப்புளம் ஏன் வருகிறது? ஈரம், சூடு, உராய்வு மூன்றும் சேர்ந்தால் வருகிறது. மூன்றில் ஒன்றைக் குறைத்தாலும் தடுக்கலாம். கொப்புளம் எழும்ப முன்னர் அந்த இடம் சுடும், சிவக்கும். அப்போதே நின்று, காலைத் துடைத்துக் காயவிட்டு, பிளாஸ்ரர் ஒன்றை ஒட்டிவிட்டால் காரியம் முடிந்தது. இதற்காக அணியை நிறுத்தச் சங்கடப்பட்டு இன்னும் ஐந்து கிலோ மீற்றர் நடந்தவரை மறுநாள் நாங்கள் தூக்கிக்கொண்டு போனோம். எழும்பிவிட்ட சிறிய கொப்புளத்தை உடைக்க வேண்டாம், மூடிக் கட்டினால் போதும். பெரிதாகி நடக்க முடியாமல் இருந்தால், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல் தோலை அப்படியே விட்டுவிட்டுச் சுத்தமான துணியால் கட்டுங்கள். தோலை உரிப்பதுதான் பெரும் பிழை. சாம்பல், கோப்பித்தூள், பற்பசை எதையும் பூசாதீர்கள். சீனி வருத்தக்காரர் ஊசியைத் தொடவே கூடாது, அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போகட்டும். சீழ் பிடித்தாலோ, சிவப்புக் கோடு காலில் மேலேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ மற்றவர்களும் அப்படியே.

கடற்கரை மணலில் நடக்கும்போது அலை நனைத்த ஓரத்தில் நடந்தால் கால் புதையாது. ஆனால் அந்த ஓரம் சரிவு. ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் மிதிக்கும். மணிக்கணக்காக அப்படி நடந்தால் இடுப்பு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொள்ளும். இடையிடையே மேலே மட்டமான மணலுக்கு ஏறுங்கள். உலர்ந்த மணலில் காலடியைச் சிறிதாக்குங்கள், நீட்டி வைத்தால் ஒவ்வோர் அடியும் பின்வாங்கும்.

செயற்கைக் காலோடு நடக்கிறவர்களையும் வழியில் கண்டிருக்கிறோம். அவர்கள் எங்களுக்குச் சொல்லித்தந்தது இது: ஒவ்வொரு தங்கலிலும் காலைக் கழற்றி, எஞ்சிய பகுதியைக் கழுவி, துடைத்து, காற்றுப் பட வைக்க வேண்டும். உறையை அன்றன்றே தோய்க்க வேண்டும். சிவந்த இடம் பத்து நிமிடத்தில் பழைய நிறத்துக்கு வராவிட்டால் அன்று நடை இல்லை. பொருத்துமிடத்தைப் புறப்படுமுன் ஒருமுறை காட்டிச் சரிபார்ப்பதும் அவசியம்.

பொட்டலமும் காணி உறுதியும்

உங்கள் நிறையின் பத்தில் ஒன்றுக்கு மேல் தூக்காதீர்கள். ஐம்பது கிலோ உள்ளவருக்கு ஐந்து கிலோ. மாற்றுடுப்பு ஒன்று, போர்வை, துவாய், தட்டு, கோப்பை, இரண்டு லீற்றர் தண்ணீர், மருந்து, ரோர்ச், நூலும் ஊசியும், சிறிது உலர் உணவு. இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. தோள் இரண்டிலும் பாரம் விழும் பையே நல்லது. ஒற்றைத் தோளில் தொங்கும் பை முதுகை வளைத்துவிடும். உரப்பையில் இரண்டு அகலத் துணி வார் தைத்தாலே போதும், கடையில் வாங்க வேண்டியதில்லை.

எங்கள் அணியில் ஒரு தாயார் முதல் நாள் பதினைந்து கிலோவுக்குக் குறையாத பொட்டலம் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். யார் கேட்டும் கொடுக்கவில்லை. இராத்திரி அவிழ்த்தபோது பானை ஒன்று, கத்தி, பிள்ளைகளின் பழைய பாடசாலைச் சான்றிதழ்கள், பொலித்தீன் உறைக்குள் காணி உறுதி. முப்பது வருடமாக அந்த உறையைத் தலைமாட்டில் வைத்தே படுத்தவர் அவர். கொட்டிலில் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. அதில் பிழை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. நம்மில் எத்தனை பேர் வீட்டைத் திரும்பப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டு வந்து, உறுதியும் இல்லாமல் இன்று கந்தோர் கந்தோராக அலைகிறோம்!

ஆனாலும் உறுதியை யாத்திரையில் கொண்டுபோகாதீர்கள். ஆறு கடக்க வேண்டியிருக்கிறது, திறந்த வெளியில் படுக்க வேண்டியிருக்கிறது. போட்டோப் பிரதி இரண்டு எடுத்து வெவ்வேறு இடத்தில் வையுங்கள். மூலத்தை நம்பிக்கையான உறவினரிடமோ வங்கிப் பெட்டகத்திலோ கொடுத்து வையுங்கள். கையில் அடையாள அட்டையும், கிளினிக் கொப்பியும், வீட்டாரின் தொலைபேசி எண் எழுதிய துண்டும் போதும். அந்தத் தாயார் மட்டும் என்ன செய்தார் என்றால், உறுதியைத் திருக்கோவிலில் வந்து சந்தித்த மகளிடம் கொடுத்துவிட்டார். பானையை ஒரு மடத்துக்குக் கொடுத்தார். மறுநாள் அவர் நடையைப் பார்த்து நாங்கள் வியந்தோம்.

தண்ணீர், உப்பு, சாப்பாடு

தாகம் வரும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை சில மிடறு குடியுங்கள். வெயிலில் நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் அரை லீற்றராவது வேண்டும். போதுமா என்பதைச் சலத்தின் நிறத்தில் பார்க்கலாம். வைக்கோல் நிறம் நல்லது, தேத்தண்ணி நிறம் என்றால் தண்ணீர் குறைந்துவிட்டது. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் கூடாது. வியர்வையோடு உப்பும் போகிறது. கஞ்சியில் உப்புப் போட்டுக் குடியுங்கள், மோர் கிடைத்தால் குடியுங்கள். வயிற்றோட்டம் கண்டால் ஜீவனிப் பைக்கற்றைக் கரைத்துக் கொடுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. உப்புக் கூடினால் ஆபத்து, அளவைப் பிழைக்க விடாதீர்கள்.

பெண்கள் ஒன்றைச் செய்கிறார்கள். ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரைக் குடிக்காமல் விடுகிறார்கள். மூன்றாம் நாள் சலக்கடுப்பு, ஐந்தாம் நாள் காய்ச்சல். அணித் தலைவர்கள் இதை ஆண்களின் விடயம் அல்ல என்று விடக் கூடாது. இரண்டு மணிக்கு ஒரு தடவையாவது மறைவான இடத்தில் அணியை நிறுத்தி, பெண்கள் சேர்ந்து போய்வர நேரம் கொடுங்கள். ஒரு பழைய சேலையை மறைப்பாகப் பிடிக்கக் கொண்டுபோனால் பேருதவி. மாதவிலக்குக்கு வேண்டியவற்றையும் கூச்சப்படாமல் பொட்டலத்தில் வையுங்கள். கோயிலுக்குள் போகாமல் வெளியே தங்குவது அவரவர் வழக்கம், நடப்பதற்கு அதனால் உடம்பில் தடையில்லை.

அன்னதானம் வழி நெடுகக் கிடைக்கும். பொத்துவில் வரை பட்டினி கிடந்த யாத்திரிகரை நாங்கள் காணவில்லை. வெறுவயிற்றில் நடக்காமல் இருப்பதற்காக மாத்திரம் கையில் கொஞ்சம் வையுங்கள். வறுத்த அரிசிமாவும் பனங்கட்டியும், அவல், கச்சான், எள்ளுருண்டை, வடக்காரருக்குப் புழுக்கொடியல். இவை பாரமில்லை, பழுதாகா. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பாடு பிந்தினால் திடீரென்று சீனி குறைந்து மயங்குவார்கள். வியர்த்து, கை நடுங்கி, புத்தி தடுமாறினால் உடனே இனிப்புக் கொடுங்கள். அவர்கள் சட்டைப்பையில் இனிப்பு இருப்பதைப் பக்கத்தில் நடப்பவரும் அறிந்திருக்க வேண்டும். நடக்கும் நாட்களில் மருந்தின் அளவு என்ன என்பதைப் புறப்படுமுன் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் எண்ணத்தில் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

வெயிலில் ஒருவருக்குத் தலைசுற்றி, சத்தி வந்து, கால் பிடித்து இழுத்தால் நிழலில் கிடத்தி, உப்புச் சேர்ந்த நீர் கொடுத்து, அன்று நடையை நிறுத்துங்கள். உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சுக் குழறினால் அது வேறு. அது உயிராபத்து. வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே வாகனம் தேடுங்கள். இலவச அம்புலன்ஸ் 1990.

வழியில் குளிக்கும்போது காலில் புண் இருந்தால் தேங்கிய நீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் தொற்றலாம். மலேரியா 2016இல் இலங்கையில் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கிவிட்டது. டெங்கு ஒழியவில்லை. வீடு திரும்பி இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், எந்த வழியால் நடந்தீர்கள், எங்கே குளித்தீர்கள் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

உகந்தைக்கு அப்பால்

காட்டுப் பாதை எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. கதிர்காமத் திருவிழா சந்திர நாட்கணக்கில் வருவதால், யூன் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் வரையான காலத்தில் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதையொட்டி அதிகாரிகள் அறிவிக்கிற சில நாட்களுக்கு மாத்திரமே உகந்தையில் வழி திறப்பார்கள். அந்தத் திகதியைப் பிரதேச செயலகத்திலோ கோயிலிலோ கேட்டு உறுதிப்படுத்தி, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் பண்ணியே ஊரிலிருந்து புறப்பட வேண்டும். நாள் கணக்குப் பிழைத்து, கடைசி மூன்று நாளில் ஓட வேண்டி வந்த அணிகள் உண்டு. இரண்டு மூன்று நாள் முந்தி உகந்தை போய், மலையடியில் ஆறுதலாக இருப்பது மேல்.

பாணமையைத் தாண்டினால் நிலையான கடைகள் இல்லை. குமண, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று நான்கு முதல் ஆறு நாள் நடை. சில இடங்களில் தொண்டர்கள் பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஆனால் பவுசர் பிந்தலாம். இரண்டு லீற்றர் போத்தலை எப்போதும் நிரப்பி வையுங்கள், தங்குமிடத்தில் கொதிக்க வைத்து ஆறியதும் ஊற்றுங்கள். குமுக்கன் ஆற்றில் உடம்பு குளிரக் கிடக்கலாம் போலிருக்கும். முதலைகள் உள்ள ஆறு அது. எல்லோரும் இறங்கும் தாழ்ந்த துறையில், கூட்டமாக, பகலில் மாத்திரம் இறங்குங்கள்.

யானை கண்டால் நிற்கவும், பிறகு சத்தமின்றிப் பின்வாங்கவும். படம் எடுக்க முன்னே போகிறவரைப் பிடித்து இழுங்கள். கரடி இருக்கிற காடு என்பதால் விறகு பொறுக்கவும் தனியே போகக் கூடாது. படுக்குமிடத்தில் சாப்பாட்டு மிச்சம் வைக்காதீர்கள். பொலித்தீனைக் காட்டில் போடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள், யானையும் மானும் அதைத் தின்று சாகின்றன. உகந்தைக்கு அப்பால் கைத்தொலைபேசி பெரும்பாலும் வேலை செய்யாது. வீட்டாரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். காணாமற்போன ஆட்களைத் தேடிய குடும்பங்களில் இரண்டு நாள் அழைப்பு வராவிட்டால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

நடக்க முடியாமற் போனவர் உகந்தையிலேயே நின்றுவிடலாம், அல்லது பஸ்ஸில் சுற்றிக் கதிர்காமம் போகலாம். காட்டுக்குள் போன பின்னர் திரும்புவது கடினம் என்பதால் இதை உகந்தையில் தீர்மானிக்க வேண்டும். முழங்கால் வீக்கம், காய்ச்சல், ஆறாத புண் மூன்றில் ஒன்று இருந்தாலும் உள்ளே போக வேண்டாம். அடுத்த வருடம் விட்ட இடத்திலிருந்து நடந்து நேர்த்தியை முடித்தவர்களை எங்களுக்குத் தெரியும்.

யூலை 2ஆம் திகதிக்கும் ஓகஸ்ட் 15ஆம் திகதிக்கும் மடுவுக்கு நடக்கிறவர்களுக்கும் காலும் தண்ணீரும் பற்றி மேலே சொன்னவை பொருந்தும். அங்கே தூரம் குறைவு, ஆனால் ஒரே மூச்சில் நடந்துவிடப் பார்ப்பதால் கொப்புளம் அங்கேதான் அதிகம்.

கதிர்காமம் சேர்ந்ததும் மாணிக்க கங்கையில் கால் நனைத்து, இரண்டு நாள் கிடந்து எழும்புங்கள். திரும்பும் பஸ் காசைச் செலவுக் காசோடு சேர்க்காமல், புறப்படும்போதே தனியாகச் சட்டையின் உட்புறத்தில் தைத்து வையுங்கள். திருவிழாக் கூட்டத்தில் காசைப் பறிகொடுத்துவிட்டு, திரும்ப வழியில்லாமல் பஸ் நிலையத்தில் இருந்தவர்களை ஒவ்வொரு வருடமும் காண்கிறோம்.